போர்க்களத்துக்கு ஹை ஹீல்ஸ்

வீடியோ கேமில் வரும் ஒரு பெண்ணின் மார்பு எப்படி அசைய வேண்டும் என்பதற்கு மூன்று எண்கள் உண்டு. விறைப்பு ஒன்று, அசைவு எவ்வளவு சீக்கிரம் அடங்க வேண்டும் என்பது ஒன்று, புவியீர்ப்பு ஒன்று. மார்புக்குள் இரண்டு எலும்புகளை வைத்து (உடற்கூறியல் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும், எங்கள் தொழிலில் அசைகிற எதற்கும் எலும்பு என்றுதான் பெயர்) இந்த மூன்று எண்களையும் கொடுத்துவிட்டால் போதும். அவள் ஓடும்போதும் நிற்கும்போதும் மூச்சு விடும்போதும் மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். குதிரைவால் கூந்தலுக்கும் காதில் தொங்கும் வளையத்துக்கும்கூட இதே ஏற்பாடுதான். வளையத்தின் எண்களைப் பற்றி இதுவரை எந்த கிளையண்டும் எங்களுக்கு மெயில் எழுதியதில்லை.

நான் கேரக்டர் ஆர்ட்டிஸ்ட். சென்னையில் அனிமேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு பெங்களூருக்கு ரயில் ஏறியவள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உருவாகிற பெரிய கேம்களில் வரும் துப்பாக்கி, லாரி, மரம், மனிதர் எல்லாவற்றையும் அங்கேயே செய்தால் கட்டுப்படியாகாது. இந்தியா, சீனா, வியட்நாம், மலேசியா என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். 1997-இல் துருவா இன்டராக்டிவ் என்ற கேம் கம்பெனி தொடங்கிய பெங்களூரில் இந்த வேலை பல வருடங்களாக நடக்கிறது. நான் இருந்த கம்பெனிகளின் பெயரையோ, என் கை பட்ட கேம்களின் பெயரையோ சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டில்கூடக் காட்டியதில்லை. அதற்கு அந்தக் கையெழுத்து மட்டும் காரணமில்லை என்பது இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆகவே ஊரறிந்த கேம்களையும், பெயர் சொல்லாமல் எங்கள் பட்டறையையும் வைத்துப் பேசுகிறேன்.

வேலை ஒரு படத்தில் தொடங்கும். கான்செப்ட் ஷீட் என்போம். ஆண் கதாபாத்திரம் என்றால் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படங்கள். ஓரத்தில் பெல்ட் கொக்கி எப்படி, பூட்ஸின் தையல் எப்படி, கைத்துப்பாக்கி உறை எந்தத் தோல் என்று அம்புக்குறி போட்டு விளக்கங்கள். பெண் என்றால் பல நேரம் நான்காவதாக ஒரு படம் சேர்ந்து வரும். திரும்பி நின்றுகொண்டு தோளுக்கு மேல் நம்மைப் பார்ப்பாள். முதுகெலும்பு அந்த அளவுக்கு முறுக்கினால் ஒரே நேரத்தில் மார்பும் பின்புறமும் தெரியும். அந்தப் படத்தில் பெல்ட் கொக்கிக்கு அம்புக்குறி இருக்காது.

படம் வந்ததும் யாரும் வெறும் களிமண் உருண்டையிலிருந்து தொடங்குவதில்லை. சர்வரில் அடிப்படை உடல்கள் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து, இழுத்து, அழுத்தி, மேலே தசையும் உடையும் ஏற்றுவோம். நான் சேர்ந்த முதல் இடத்தில் ஆணுக்கு ஒல்லி, நடுத்தரம், கட்டுமஸ்து, தொப்பை, கிழவர் எனத் தனித்தனியாக உடல்கள் இருந்தன. பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம்; பசி தெரியாத வயிறு. ராணுவ அதிகாரியா, மருத்துவரா, ஊர்ச் சந்தையில் காய் விற்பவளா, யாராக இருந்தாலும் அவளிலிருந்துதான் பிறக்க வேண்டும். காய் விற்பவளுக்கு நரைத்த முடியும் கன்னச் சுருக்கமும் போட்டோம். கழுத்துக்குக் கீழே அதே இருபத்திரண்டு. திரையில் தூரத்தில் நிற்பவள்தானே என்று ரிவ்யூவில் யாரும் கேட்கவில்லை.

இதில் சதி எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பெண்களை இழிவுபடுத்துவோம் என்று தீர்மானம் போடுவதில்லை. ஃபோல்டரில் எது இருக்கிறதோ அது கேமில் வருகிறது. போன கேமில் இருந்தது ஃபோல்டரில் இருக்கிறது. பெண்ணியம் பேசுபவர்கள் கேம் கம்பெனிக்குள் ஒரு வில்லனைத் தேடுகிறார்கள் என்று என் சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். நல்ல விமர்சகர்கள் வில்லனைத் தேடவில்லை; அந்த ஃபோல்டரைத்தான் திறந்து காட்டினார்கள்.

அந்த ஃபோல்டரின் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1980-இல் ஜப்பானில் பேக்-மேன் செய்த தோரு இவதானி, ஆர்கேடுக்குப் பெண்களும் வரவேண்டும் என்ற எண்ணத்தில்தான் சுடாத, வெடிக்காத, சாப்பிடுகிற ஒரு கேமை யோசித்தார். நல்ல எண்ணம். 1982-இல் அமெரிக்காவில் மிஸ் பேக்-மேன் வந்தது. மஞ்சள் வட்டம் அதேதான். தலையில் சிவப்பு ரிப்பன், உதட்டுச் சாயம், கன்னத்தில் ஒரு மச்சம் சேர்ந்தன. விரல் விட்டு எண்ணும் அளவுக்குப் புள்ளிகளை வைத்து உருவம் செய்த காலம். வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். நானும் அந்த நெருக்கடியை அறிவேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எதுவும் ஒட்டாத வட்டம் தானாகவே ஆணாகிவிட்டது. பெண்ணாக்கத்தான் ஏதாவது ஒட்ட வேண்டியிருந்தது. புள்ளிகள் கோடிக்கணக்கில் பெருகிய பிறகும் இந்தக் கணக்கு மாறவில்லை.

1981-இல் டாங்கி காங் வந்தபோது குரங்கு தூக்கிப்போன பெண் கேமின் பரிசுப்பொருளாக மேலே நின்றாள். 1986-இல் நின்டெண்டோவின் மெட்ராய்டில் கவச உடைக்குள் இருந்த சாமுஸ் பெண் என்பது கடைசியில்தான் தெரியும். அது அந்தக் காலத்துக்குப் பெரிய அதிர்ச்சி, நல்ல அதிர்ச்சி. கூடவே இன்னொன்றும் வைத்தார்கள்: கேமை எவ்வளவு வேகமாக முடிக்கிறாயோ அவ்வளவு குறைந்த உடையில் அவளைப் பார்க்கலாம். 1992-இல் ஃபேட்டல் ஃப்யூரி 2-இல் மாய் ஷிரானுய் சும்மா நிற்கும்போதே மார்பு குலுங்கும். அப்போது மூன்று எண்கள் இல்லை. ஒரு ஓவியர் படம் படமாக வரைந்தார். உழைப்பு எங்கே செலவானது என்று பாருங்கள்.

பிறகு 1996, டூம் ரெய்டர். இங்கிலாந்தின் டெர்பி நகரில் கோர் டிசைன் கம்பெனியில் டோபி கார்ட் உருவாக்கிய லாரா கிராஃப்ட். எங்கள் தொழிலில் அவளைத் திட்டுபவர்களும் அவளைப் பார்த்துத்தான் இங்கே வந்தார்கள், நானும் அப்படித்தான். எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் அவளை ஓட்டியபோது, குகைக்குள் தனியாக ஒரு பெண் போகிறாள், யாரும் அவளுக்குத் துணைக்கு வரவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. சில நூறு முக்கோணங்களை ஒட்டிச் செய்த உடல். மார்பு கூம்பாக இருக்கும். விளம்பரங்களில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். முதல் கேம் முடிந்த கையோடு கார்ட் கம்பெனியை விட்டுப் போனார். தன் கதாபாத்திரம் தன் கையில் இல்லை என்பது காரணங்களில் ஒன்று. 2013-இல் ரியானா பிராட்செட் எழுத, கிரிஸ்டல் டைனமிக்ஸ் அவளைப் புதிதாகச் செய்தது. முழுக்கால் பேண்ட், நம்பும்படியான உடல். இத்தனை திருத்தியவர்கள், அவள் விழும்போதும் குத்துப்படும்போதும் கேமராவை நெருக்கி அந்த முனகலை அவ்வளவு நேரம் கேட்க வைத்தது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேம் வெளிவருவதற்கு முன்பு அதன் தயாரிப்பாளர் ஒருவர், விளையாடுபவர்கள் அவளைப் பாதுகாக்க விரும்புவார்கள் என்று பேட்டியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். குகைக்குள் தனியாகப் போனவளைப் பற்றி அப்படிப் பேசினால் கோபம் வராதா?

விமர்சகர் அனிதா சர்க்கீசியன் பெயரை நான் முதலில் கேட்டது அலுவலக கேன்டீனில், வசவாகத்தான். 2012-இல் கேம்களில் பெண்கள் சித்தரிக்கப்படும் விதம் குறித்து வீடியோ தொடர் செய்ய மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அவர் 6,000 டாலர் கேட்டார். அதற்குள் மிரட்டலும் ஆபாசமும் குவிய, அதைப் பார்த்தே ஆதரவும் குவிந்து, ஏறக்குறைய 7,000 பேர் 1,58,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அவர் முகத்தை மௌஸால் அடித்துக் காயப்படுத்தும் ஒரு கேமையே ஒருவர் செய்து வெளியிட்டார். முகத்தில் வீக்கம் படிப்படியாக வரவேண்டும் என்றால் அதற்கும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் செய்திருக்க வேண்டும். அந்த வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் அந்தச் செய்தி மற்றவர்களைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்தது. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்தபோது கூட்டத்தில் சுடுவோம் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கியோடு வருபவர்களைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் பேச்சை ரத்து செய்தார்.

2013 மார்ச்சில் வந்த முதல் வீடியோவில் கிரிஸ்டல் என்ற கதாபாத்திரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ரேர் கம்பெனி டைனோசர் பிளானட் என்றொரு கேம் செய்துகொண்டிருந்தது. அதன் முதன்மைக் கதாபாத்திரங்களில் ஒருத்தியாகச் சண்டை போட வேண்டியவள் கிரிஸ்டல். நடுவில் திட்டம் மாறி, 2002-இல் அது ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்சர்ஸ் ஆக வெளிவந்தபோது அவள் ஒரு படிகத்துக்குள் அடைபட்டு மிதந்தாள். அவளை மீட்க வருகிற ஆண், அவளுடைய கோலை எடுத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறான். எங்கள் கேன்டீனில் இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. "கதை அப்படிக் கேட்டிருக்கும்" என்றான் ஒருவன். கதை கேட்கவில்லை, விற்பனைப் பிரிவு கேட்டிருக்கும் என்று நான் சொன்னேன். எங்கள் கம்பெனியில் நாயகர்கள் பாதியில் மாறியதைப் பார்த்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஆனால் என் மேசைக்கே வந்து பேசியது 2016-இல் வந்த பகுதி. கேமராவும் பின்புறமும் பற்றியது. முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கேம்களில் ஆண்களின் பின்புறம் எப்படி மறைகிறது, பெண்களுடையது எப்படி நடுத்திரைக்கு வருகிறது என்று வரிசையாக ஓட்டிக் காட்டினார். பேட்மேன்: ஆர்க்கம் சிட்டியில் பேட்மேனுக்குப் பின்புறத்தை மறைத்துத் தொங்கும் நீண்ட அங்கி. கேட்வுமனுக்கு உடலோடு ஒட்டிய உடை, கூடவே ஒரு நடை. அதைப் பார்த்துவிட்டு நான் எங்கள் பழைய டெலிவரிகளைத் திறந்தேன். நீண்ட கோட்டு, அங்கி, முதுகுப்பை, தொங்கும் தோல்பட்டை என்று ஆண்களுக்கு நாங்கள் செய்து கொடுத்த துணிகளின் பட்டியல் நீளமானது. துணி செய்வது கஷ்டம். அதற்குத் தனி நாட்கள் ஒதுக்குவார்கள், தனிப் பணம். பெண் கதாபாத்திரங்களுக்கு அந்தப் பணம் ஒதுக்கப்படவே இல்லை. உடலோடு ஒட்டிய உடைக்குத் துணிச் செலவு கிடையாது, உடல் மேலேயே நிறம் பூசினால் போதும். கவர்ச்சி மலிவாகவும் இருந்தது.

சர்க்கீசியன் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. பேயோனெட்டாவை அவர் ஒதுக்கித் தள்ளினார். 2009-இல் வந்த அந்த சூனியக்காரியை வடிவமைத்தவர் மாரி ஷிமசாகி என்ற பெண் ஓவியர். மூக்குக்கண்ணாடியிலிருந்து நகம் வரை ஒவ்வொன்றும் யோசித்து வைத்தது. அவள் பார்க்கப்படுவதை அவளே நடத்துகிறாள் என்ற உணர்வு எனக்கு வரும். அந்த கேமின் கேமரா வேறு விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. யோசித்துச் செய்த கவர்ச்சியையும் ஃபோல்டரிலிருந்து வந்து விழுந்த கவர்ச்சியையும் ஒரே பெட்டியில் போட்டால், செய்கிறவர்களிடம் அடுத்த பேச்சு நடக்காது.

2014-இல் நடந்ததுதான் எங்கள் தொழிலையே நேராகத் தொட்டது. யூபிசாஃப்ட், அசாசின்ஸ் கிரீட் யூனிட்டியை அறிவித்தது. நான்கு பேர் சேர்ந்து விளையாடலாம், நால்வரும் ஆண்கள். பெண் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அனிமேஷன் இரண்டு மடங்காகும், குரல் இரண்டு மடங்காகும், உடை இரண்டு மடங்காகும் என்றார் அதன் இயக்குநர். 8,000-க்கு மேற்பட்ட அனிமேஷன்களை வேறொரு எலும்புக்கூட்டில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும் என்று குழுவில் இன்னொருவர் கணக்குச் சொன்னார்.

இதை வெளியில் இருப்பவர் கேட்டால் நியாயமாகத்தான் படும். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எப்படி என்று சொல்கிறேன். கேம் கதாபாத்திரத்துக்குள் ஒரு எலும்புக்கூடு உண்டு. இடுப்பில் ஆணிவேர், அங்கிருந்து முதுகு, தோள், முழங்கை, விரல்கள் என்று கிளை பிரியும். அனிமேஷன் என்பது ஒவ்வொரு எலும்பும் எந்த நொடியில் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்ற எண்களின் பட்டியல். மேலே போர்த்திய தோல் ஆணா பெண்ணா என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. தோளைக் கொஞ்சம் குறுக்கி, கையின் நீளத்தைச் சரிசெய்து, அதே அசைவுகளை மாற்றி ஏற்றும் வசதி பல வருடங்களாக இருக்கிறது. தினமும் செய்கிறோம். குட்டைப் பூதத்துக்கும் ஒல்லிச் சிப்பாய்க்கும் ஒரே ஓட்டத்தைப் போட்டிருக்கிறோம். முன்பு அசாசின்ஸ் கிரீட் 3-இல் வேலை பார்த்த அனிமேட்டர் ஜோனதன் கூப்பர் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்: இது ஓரிரு நாள் வேலை. அதே தொடரில் 2012-இல் வந்த அவலின் என்ற நாயகி, கான்னர் என்ற ஆணின் அசைவுகளில் பலவற்றைப் பகிர்ந்துகொண்டாள் என்றும் நினைவூட்டினார். அவலினை விளையாடியவர்கள் யாராவது ஆம்பளை நடை என்று புகார் சொன்னார்களா?

மாற்றி ஏற்றுவதில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாஸ் எஃபெக்ட் 2-இல் பெண் ஷெப்பர்டுக்குக் குட்டைப் பாவாடை உடுத்தி சோபாவில் உட்கார வைத்தால் ஆண் உட்காரும் அதே அசைவில் காலை அகட்டி உட்காருவாள். அது இன்றும் சிரிப்புக்குரிய காட்சி. நீளமான கூந்தல் தோளுக்குள் புகும். முந்தானை இருக்கிறதே, அது எங்கள் தொழிலின் சத்ரு. இடுப்பில் செருகினால் வயிற்றுக்குள் போகும், தொங்கவிட்டால் காலுக்குள் போகும். இவையெல்லாம் உண்மையான கஷ்டங்கள், நேரம் கேட்கும். ஆனால் யூபிசாஃப்ட் சொன்னது இவற்றையல்ல.

உண்மையில் வேலை இரட்டிப்பானது எப்போது தெரியுமா? பெண் பெண்ணைப் போல நடக்க வேண்டும் என்று கேட்டபோது. எங்களிடம் ஒரு துப்பாக்கி வீராங்கனை வந்தாள். முதுகில் நீண்ட ரைஃபிள், இடுப்பில் குண்டுகள், காலில் ஹீல்ஸ் பூட்ஸ். ஆண் சிப்பாயின் நடையை ஏற்றி அனுப்பினோம். இன்னும் பெண்மை வேண்டும் என்று திரும்பி வந்தது. இடுப்பெலும்பின் ஆட்டத்தைக் கூட்டினோம். இன்னும் கொஞ்சம் என்று வந்தது. பெண்களின் இடுப்பெலும்பு அகலம், நடையில் சின்ன வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருபது கிலோ சுமந்து நடப்பவள் இடுப்பை ஆட்டினால் முதுகு போய்விடும். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் பெண் காவலர்கள் ரோந்து போவதைக் கவனித்துவிட்டு வந்து அலுவலகத்தில் நடந்து காட்டினேன். பாதத்தைப் பதித்து வைப்பார்கள், உடல் ஆடாது, கண்தான் சுற்றும். அனிமேட்டர்களுக்குப் பிடித்தது. கிளையண்டுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எங்கள் அனிமேட்டர் பையன் ஒருவன் இடுப்பில் கைவைத்து நடந்து, அதை இன்னொருவன் போனில் எடுத்து, அந்த வீடியோவைப் பார்த்துச் செய்த நடைதான் ஒப்புதல் வாங்கியது. கேம்களில் நீங்கள் பார்க்கும் பெண் நடை பலவும் தெருக்கூத்தின் பெண் வேடம் போலத்தான், கட்டியவர் ஆண். கூத்தில் பார்ப்பவர்களுக்கு அது தெரியும் என்பது மட்டும் வித்தியாசம்.

ஹீல்ஸ் கதை அத்தோடு முடியவில்லை. கதாபாத்திரத்துக்குள் எலும்புக்கூட்டைப் பொருத்தும் ரிக் வேலை செய்கிற திருநெல்வேலித் தம்பி ஒருநாள் என் மேசைக்கு வந்தான்.

"அக்கா, இவங்க ஏணி ஏறணுமாம். குதிகால் படிக்குள்ள போகுது."

"எவ்வளவு போகுது?"

"முழுசாப் போகுதுக்கா. கீழே நின்னா விரல் தரைக்குள்ள இருக்கு. சரி பண்ணணும்னா ஏணி, சுவர், மாடிப்படி எல்லாத்துக்கும் கால் தனியாப் போடணும்."

தட்டையான காலுக்குச் செய்த அசைவுகளில் ஹீல்ஸ் காலைப் பொருத்தினால் அப்படித்தான் ஆகும். ஹீல்ஸ் என்றால் கணுக்கால் எப்போதும் நீட்டியே இருக்கும், ஆள் உயரமும் கூடும். ஒவ்வொரு படியிலும் பாதம் தப்பும். நான் அதுவரை போர்க்களத்தில் ஹீல்ஸ் எதற்கு என்று பண்பாட்டு ரீதியாகக் கேட்டு எழுதிய இரண்டு குறிப்புகளுக்குப் பதிலே வரவில்லை. தம்பி அந்த ஏணியை வீடியோ எடுத்து, படிக்குள் புகும் குதிகாலுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, சரிசெய்ய எத்தனை ஆள்-நாள் ஆகும் என்று எழுதி அனுப்பினான். மறுநாளே தட்டையான பூட்ஸுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. பெண்ணியம் என்று எழுதினால் மீட்டிங் நீளும், செலவு என்று எழுதினால் டிக்கெட் மூடும். அதன்பிறகு இந்த வழியை நான் கூச்சமில்லாமல் பயன்படுத்தி வருகிறேன். மார்புக் கவசத்தில் இரண்டு கிண்ணங்கள் வேண்டும் என்று வந்தால், கையை மடக்கும்போது முன்கை கிண்ணத்துக்குள் புகுவதைப் படம் எடுத்து அனுப்புவேன். வாள் முனையை வழுக்கி வெளியே தள்ளத்தான் மார்புக் கவசம் நடுவில் மேடாக இருக்கும். கிண்ணம் இரண்டு வைத்தால் முனை நேராக நடு நெஞ்சுக்கு வழிகாட்டப்படும் என்றும் எழுதிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் வராது. முன்கைக்கு வரும்.

முகத்தில் இன்னொரு சண்டை. ஆண் முகத்தில் வெட்டுத்தழும்பு, குழி, உடைந்த மூக்கு எதுவும் கேட்பார்கள். அதுதான் முகத்துக்குக் குணம் என்பார்கள். பெண் முகத்தை அனுப்பினால் சிவப்புக் கோடு போட்டு வரும்: இங்கே மென்மையாக, தாடை சின்னதாக, வயது குறைவாக. தோலில் நாங்கள் செதுக்கிய துளைகளை அழித்துவிட்டுத்தான் டெலிவரி கொடுக்க வேண்டும். ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் முன்னோட்டத்தில் நாயகி ஏலாயின் கன்னத்தில் வெயில் படும்போது பூனைமயிர் தெரிந்தது. தொழில்காரர்கள் வாயைப் பிளந்தோம், அவ்வளவு நுணுக்கம். பெண்ணுக்கு மீசையா, கன்னம் ஏன் உப்பியிருக்கிறது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 2020-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் வந்த ஆபியின் புஜங்களைப் பார்த்து, பெண்ணுக்கு இப்படித் தசை வராது என்றார்கள். அவள் உடலுக்கு மாதிரியாக இருந்தவர் காலீன் ஃபாட்ச் என்ற நிஜ விளையாட்டு வீராங்கனை. குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் வந்தது.

2024-இல் கொரியாவிலிருந்து வந்த ஸ்டெல்லர் பிளேடில் நாயகி ஈவின் உடலும் ஒரு நிஜ மாடலை ஸ்கேன் செய்து எடுத்தது. நிஜ உடல்தானே, அப்புறம் என்ன விமர்சனம் என்று கேட்கிறார்கள். உடலை ஸ்கேன் செய்யலாம். கேமராவை எங்கே வைப்பது என்பதை யாரும் ஸ்கேன் செய்வதில்லை, அதை ஒருவர் முடிவு செய்கிறார்.

கேமரா என்றால் மிராண்டாவைச் சொல்லாமல் முடியாது. மாஸ் எஃபெக்ட் 2, 2010. தன் தங்கையைப் பற்றிய கவலையை மிராண்டா சொல்லிக்கொண்டிருப்பாள். கேமரா அவள் பின்புறத்துக்குக் கீழே நிற்கும். பேச்சு உருக்கமாக இருக்கும், எதையும் கேட்க முடியாது. 2021-இல் மூன்று பாகங்களையும் மெருகேற்றி வெளியிட்டபோது பயோவேர் அந்தக் கோணங்களில் சிலவற்றை மாற்றியது. அதற்குமுன் 2016-இல் ஓவர்வாட்ச் சோதனைக் கட்டத்தில் டிரேசர் என்ற வீராங்கனையின் ஒரு வெற்றித் தோரணை, அவள் குணத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒரு விளையாட்டாளர் எழுதியதும் நீக்கப்பட்டது. தணிக்கை, தணிக்கை என்று இரண்டு முறையும் கூச்சல். எனக்கு அந்தச் சொல் இங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை. ஒரு தோரணை கதாபாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பது எங்கள் ரிவ்யூவில் நித்தம் நூறு தரம் சொல்லப்படுவது. வெளியிலிருந்து ஒருவர் சொன்னார், அதுவும் நன்றாகச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு தோரணை வந்தது, கேமுக்கு ஒரு சேதமும் இல்லை.

முடிவுகள் பெரும்பாலும் எங்களுக்கு மேலே, விற்பனைக்காரர்களின் அறையில் நடக்கின்றன. 2013-இல் வந்த ரிமெம்பர் மீ கேமுக்கு நாயகி என்பதாலேயே பல வெளியீட்டாளர்கள் கையை விரித்ததாக அதைச் செய்த பாரிஸ் கம்பெனி வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு தி லாஸ்ட் ஆஃப் அஸ் அட்டையில் எல்லி என்ற பெண்ணைப் பின்பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார்கள். அதைச் செய்த நாட்டி டாக் மறுத்தது. அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில் கசாண்ட்ரா மட்டுமே நாயகியாக இருக்க வேண்டும் என்று குழு நினைத்ததையும், பெண் விற்காது என்று மேலிடம் மறுத்ததையும் 2020-இல் புளூம்பெர்க் எழுதியது. வசனத்திலும் இதே கதைதான். 2023-இல் 50 ரோல்-பிளேயிங் கேம்களின் வசனங்களை, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களை, ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். பெண்கள் பேசியதைப்போல இரண்டு மடங்கு ஆண்கள் பேசியிருந்தார்கள். நாங்கள் அத்தனை நாள் உட்கார்ந்து செதுக்கிய உதடுகள் பாதி நேரம் மூடியே இருக்கின்றன.

நம்மூர் கிளையண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அநியாயம். புராண கேம் ஒன்றுக்கு ஒரு நாயகி செய்தோம். காட்டில் வளர்ந்தவள் என்று கதையில் இருந்ததால் கறுப்பாகச் செய்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நிறத்தை ஏற்றச் சொன்னார்கள். முடிவில் அவள் காட்டுக்குச் சுற்றுலா வந்தவள் போல ஆனாள். நம் சினிமா கேமரா இடுப்பைப் பார்த்துப் பழகியதில் வளர்ந்த பையன்கள்தான் இங்கேயும் கேமரா வைக்கிறார்கள், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்கிடையே 2020-இல் புனேயிலிருந்து ராஜி என்ற கேம் வந்தது. அதில் தொலைந்துபோனவன் தம்பி, தேடிப் போகிறவள் அக்கா. 2023-இல் கனடாவின் டொரான்டோவிலிருந்து வெண்பா வந்தது. 1980-களின் கடைசியில் அங்கே குடிபெயர்ந்த தமிழ்ப் பெண், அம்மாவின் கிழிந்துபோன சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி செய்கிறாள், மகனிடம் தமிழில் பேசுகிறாள், மகன் விலகிப் போகிறான். வருடங்கள் ஓட அவள் உடலும் முகமும் வயதாகின்றன. பெண்ணை மறுபடியும் அடுக்களையில் நிறுத்திவிட்டார்களே என்று என் தோழி ஒருத்தி கோபப்பட்டாள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்தக் கேமில் அவள் கை என்ன செய்கிறது என்பதைத்தான் கேமரா பார்க்கிறது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது.

இப்போது நான் ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சென்னை, கோவை, மதுரை என்று எங்கிருந்தோ பிள்ளைகள் தங்கள் வேலைகளை அனுப்புகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆண் உருவங்களில் கிழவர், குண்டர், குஸ்தி வீரர், சுருட்டு பிடிக்கும் மீனவர் எல்லாம் இருக்கிறார்கள். பெண் உருவங்களைத் திறந்தால் எல்லோரும் ஒரே வீட்டுச் சகோதரிகள். அதே இருபத்திரண்டு வயது, அதே வயிறு, தோளுக்கு மேல் அதே பார்வை. பெண் பிள்ளைகள் அனுப்புவதும் அப்படியேதான் இருக்கிறது.

கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் ஆக வேண்டும் என்று இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியைச் செய்து அனுப்புங்கள். பேருந்து நடத்துநர், கொத்தனார் வேலை செய்பவர், ஊர்த் தலைவி, யாராகவும் இருக்கட்டும். கழுத்து மடிப்பும், தளர்ந்த மேல்கையும், பிரசவம் கண்ட வயிறும் செதுக்குவது இருபத்திரண்டு வயதைச் செதுக்குவதைவிடப் பல மடங்கு கடினம். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவருக்கு எது வேண்டுமானாலும் செய்யத் தெரியும். வருகிற ஃபைல்களில் நான் முதலில் திறப்பது அதைத்தான்.